விட்டு விட்டு எரியும் போர்ட் விளக்கு: புது சுவிட்ச் வாங்கும் முன்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தன் பெயரும் கம்பெனி பெயரும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

பனியன் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. பி.சி.ஏ. படித்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கம்ப்யூட்டர், நெட்வொர்க், கேமரா எல்லாம் அவர் தலையில் விழுந்திருக்கின்றன. கட்டிங் செக்‌ஷனை ஒட்டிய ரேக்கில் 24 போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள பிஓஇ சுவிட்ச் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர், கேமராக்களை நெட்வொர்க்கில் இணைத்து, அதே கேபிள் வழியே கேமராக்களுக்கு மின்சாரமும் தரும் பெட்டி அது. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, வாரன்டி மூன்று வருடம். 3-ம் போர்ட்டில் இருக்கும் பில்லிங் கம்ப்யூட்டரின் இணைப்பு, மெஷின்கள் ஓடும் பகல் நேரத்தில் போய்ப் போய் வருகிறது. போர்ட் விளக்கு எரிந்து லிங்க் (இணைப்பு) வந்த பிறகும் அரை நிமிடம் கழித்துத்தான் நெட்வொர்க் கிடைக்கிறது. 5 முதல் 8 வரை, வாசலுக்கு அந்தப் பக்கம் உள்ள பேக்கிங் ஷெட்டுக்குப் போகும் கேபிள்கள். போன மாதம் இடி மின்னலோடு மழை பெய்த இரவுக்குப் பிறகு 7 எரிவதே இல்லை. 5-ம் 6-ம் விட்டு விட்டு வருகின்றன. 10 முதல் 24 வரை பதினைந்து கேமராக்கள். அதில் கடைசி இரண்டான 23-ம் 24-ம் சாயங்காலம் ஆறரைக்கு மேல் அணைந்து அணைந்து வருகின்றன, விடிந்ததும் சரியாகிவிடுகின்றன.

தினமும் காலையில் சுவிட்சை ஆஃப் செய்து ஆன் செய்கிறார், அப்போதைக்குச் சரியாகிறது. கேபிள்காரர் டெஸ்டரை மாட்டி எட்டு விளக்கும் எரிவதைக் காட்டி, “கேபிள்ல ஒண்ணும் இல்லீங்க மேடம், சுவிட்ச்தான் போச்சு” என்றிருக்கிறார். டீலர் புது சுவிட்சுக்குக் கொட்டேஷன் அனுப்பிவிட்டார். கூடப் படித்த நண்பர், ஸ்பீடை 100 ஃபுல் (100 மெகாபிட், இரண்டு திசையும் ஒரே சமயத்தில்) என்று பூட்டிவிடு என்கிறார். முதலாளி, வைரஸாக இருக்குமா என்று கேட்கிறார். அதோடு நில்லாமல், “நீ தினமும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணித்தாம்மா கெட்டுப்போச்சு, சம்பளத்துல பிடிச்சுக்கறேன்” என்றும் சொல்லியிருக்கிறார். புது சுவிட்ச் வாங்கினால் பிரச்சினை தீருமா என்பது வாசகியின் கேள்வி.

தீராது. புது சுவிட்ச் வந்த அன்றைக்கே பில்லிங் கம்ப்யூட்டர் மறுபடி விழும். அன்று சாயங்காலமே 23-ம் 24-ம் விழலாம். நீங்கள் இதை ஒரே வியாதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே பெட்டியில் தெரிவதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் நீங்களே நேரத்தையும் போர்ட் எண்ணையும் இவ்வளவு ஒழுங்காகக் குறித்து அனுப்பியிருப்பதைப் பார்த்தால், இங்கே இருப்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கோளாறுகள். ஒன்று பகலில் வருகிறது, ஒன்று இரவில் வருகிறது, ஒன்று மழைக்குப் பிறகு வந்தது. மூன்றில் ஒன்றில்தான் சுவிட்சுக்கே அடிபட்டிருக்க வாய்ப்பு. கேபிள்காரரும் டீலரும் முதலாளியும் ஆளுக்கொரு காரணம் சொல்வதற்கும் இந்தக் கலப்புதான் காரணம்.

வைரஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். போர்ட் விளக்கு எரிகிறது என்றால், கேபிளின் இரண்டு முனையிலும் உள்ள மின்சுற்றுகள் ஒன்றை ஒன்று கேட்கின்றன என்று அர்த்தம். வைரஸ் நெட்வொர்க்கை அடைக்கலாம், மெதுவாக்கலாம். அந்த விளக்கை அணைத்து அணைத்து எரிய வைப்பது அதன் வேலை இல்லை. முதலாளியிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

காலை நேர ரீஸ்டார்ட்டை நிறுத்துங்கள்

ஆஃப் செய்து ஆன் செய்ததால் சுவிட்ச் கெட்டது என்று முதலாளி சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒரு நல்ல சுவிட்ச் அதற்கெல்லாம் போய்விடாது. ஆனால் வேறு ஒரு காரணத்துக்காக அதை நிறுத்தச் சொல்கிறேன். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் நீங்கள் சாட்சியை அழிக்கிறீர்கள். சுவிட்சின் லாக் (எது எப்போது நடந்தது என்ற பதிவு) பெரும்பாலும் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், கரண்ட் போனால் போயிற்று. ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை பாக்கெட் (தரவுத் துண்டு) கெட்டு வந்தது என்ற எண்ணிக்கையும் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

உங்கள் சுவிட்ச் பிரவுசரில் திறக்கக்கூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. உள்ளே போய் முதலில் தேதியையும் நேரத்தையும் சரி செய்யுங்கள். நேரம் வைக்கப்படாத சுவிட்ச் தன் இஷ்டத்துக்கு ஒரு தேதியில் தொடங்கும். சிஸ்கோ சுவிட்சுகள் பலவற்றில் அது 1993 மார்ச் 1, வேறு சிலவற்றில் 1970 ஜனவரி. அந்த லாகை வைத்துக்கொண்டு, மெஷின் ஓடும்போது விழுந்ததா, சாப்பாட்டு இடைவேளையில் விழுந்ததா என்று சொல்ல முடியாது. நேரத்தைச் சரிசெய்த பிறகு, போர்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்தில் எண்ணிக்கைகளை ஒருமுறை அழித்துவிட்டு, ஒரு முழு வேலை நாள் கையை வைக்காமல் விடுங்கள்.

சாயங்காலம் பார்க்கும்போது 3-ம் போர்ட்டில் சிஆர்சி எரர், அல்லது எஃப்சிஎஸ் எரர் என்ற எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், வழியில் பாக்கெட் சிதைகிறது என்று அர்த்தம். அங்கே கேபிள், ஜாக், மின் இரைச்சல் மூன்றில் ஒன்று. எரர் எண் ஏறாமல், லாகில் மட்டும் லிங்க் டவுன், லிங்க் அப் என்று வரிசையாக இருந்தால், எதிர்முனைக் கருவியே போய் வருகிறதா என்று சந்தேகப்படலாம். லேட் கொலிஷன் என்ற எண் ஏறியிருந்தால் அது வேறு கதை. உங்கள் நண்பர் சொன்ன ஸ்பீடு பூட்டும் யோசனையைப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

இன்னொன்று. சில சுவிட்சுகள் லிங்க் அடிக்கடி விழுந்தால் தாமே அந்தப் போர்ட்டை மூடிவிடும். சிஸ்கோவில் பொதுவாக 10 விநாடிக்குள் ஐந்து முறை விழுந்தால் அப்படி நடக்கும். மூடியது தானாகத் திறக்க வேண்டுமானால் அதற்கான ஏற்பாட்டை நாம் செய்திருக்க வேண்டும். ‘போர்ட் செத்துவிட்டது’ என்று தூக்கிப் போடப்படும் எத்தனையோ போர்ட்டுகள் உண்மையில் இப்படி மூடப்பட்டவைதான். உங்கள் 7-ம் போர்ட் எரியவில்லை என்று முடிவு கட்டும் முன், அது லாகில் மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பில்லிங் கம்ப்யூட்டர்: எட்டு விளக்கு எரிந்தால் போதாது

உங்கள் கேபிள்காரர் பொய் சொல்லவில்லை. அவருடைய டெஸ்டர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த முனையில் உள்ள கம்பி அந்த முனை வரை அறுந்துபோகாமல் இருக்கிறதா என்று. கிகாபிட் (1000 மெகாபிட் வேக) இணைப்புக்கு அது மட்டும் போதாது. நான்கு ஜோடிக் கம்பிகளிலும் ஒரே சமயத்தில் இரண்டு திசையிலும் சிக்னல் ஓடுகிறது. எந்தக் கம்பி எதோடு முறுக்கப்பட்டிருக்கிறது, முறுக்கு எங்கே பிரிகிறது, கம்பி எந்த உலோகம் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வரும். டெஸ்டரின் எட்டு விளக்குக்கு இவை எதுவும் தெரியாது.

ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்தக் கேபிளின் ஜாக்கைப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்தான், உள்ளே கம்பியின் நிறம் தெரியும். கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து, தங்க நிறப் பின்கள் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால், இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்பதுதான் வழக்கமான வரிசை. கவனிக்க வேண்டியது நடுவில்தான். பச்சை ஜோடியின் இரண்டு கம்பிகளும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை. 3-ம் இடத்திலும் 6-ம் இடத்திலும் பிரிந்து நிற்கின்றன, நடுவே நீல ஜோடி உட்கார்ந்திருக்கிறது. சிலர் இதை அறியாமல் ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கி இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்துவிடுவார்கள் (ஜாக்கில் அழுத்திப் பொருத்திவிடுவார்கள்). எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் 3-லும் 6-லும் வெவ்வேறு ஜோடியின் கம்பிகள் போயிருக்கும், ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கேட்கும். கேபிள் கொஞ்சம் நீளமானதும், பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடியதும் இணைப்பு தள்ளாடும்.

நிற வரிசை சரியாக இருந்தால், வெளி உறை ஜாக்கின் பல்லுக்குள் கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். உறை வெளியிலேயே நின்று, வெறும் கம்பிகள் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்து தொங்கினால் அதுவே தகராறு. ஜாக்குக்குள் போகும் இடத்தில் முறுக்கு பிரியலாம் என்று அனுமதி இருப்பது சுமார் 13 மில்லிமீட்டர்தான்.

அடுத்தது உலோகம். நம் ஊர்க் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நெட்வொர்க் கேபிள்களில் நிறைய, அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. பார்வைக்குச் செம்புதான். பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். கேட் 5இ, கேட் 6 தரங்கள் கேட்பது முழுச் செம்பு. உறையில் அப்படி அச்சடித்திருந்தாலும் இந்தக் கம்பி அந்தத் தரத்தில் வராது. மின்தடை கூடுதல், இரண்டு மூன்று முறை வளைத்தால் உள்ளே விரிசல் விடும். விரிசல் விட்ட கம்பி சூட்டில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி தொடும்.

சுரண்டிப் பார்க்க மனமில்லை என்றால் உங்கள் எலக்ட்ரீஷியனின் மல்டிமீட்டர் போதும். கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிடுங்கள். ஒரு முனையில் ஒரே ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்துவிட்டு, மறுமுனையில் அந்த இரண்டுக்கும் இடையே ஓம் அளக்கச் சொல்லுங்கள். பில்லிங் கம்ப்யூட்டருக்கு 60 மீட்டர் ஓட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செம்பு என்றால் சுமார் 10 ஓம் காட்டும், 11-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். 15, 16 என்று காட்டினால் அது அலுமினியம்தான், வாதமே வேண்டாம். நான்கு ஜோடியையும் அளக்கச் சொல்லுங்கள். மூன்று 10 காட்டி ஒன்று மட்டும் எகிறினால், அந்த ஜோடியில் எங்கோ ஜாக்கிலோ சுவர் பாக்ஸிலோ பிடிப்பு சரியில்லை. 60 மீட்டர் என்பது தூரத்தில் பிரச்சினை இல்லை. சுவருக்குள் 90, இரண்டு பக்கப் பேட்ச் கார்டுக்கு (ஜாக் போட்ட குட்டைக் கேபிள்) 10, மொத்தம் 100 மீட்டர் வரை அனுமதி.

மெஷின் ஓடும்போது மட்டும் ஏன் விழுகிறது? உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது, ‘கேபிள் கம்ப்ரசர் லைனோடு சேர்த்து டை போட்டிருக்கிறது’ என்று. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் வைத்த மோட்டார்களின் பவர் லைன் பயங்கரமாக இரைச்சல் விடும். அதன் கூடவே பல மீட்டர் தூரம் கட்டிக்கொண்டு போகும் நெட்வொர்க் கேபிள் அந்த இரைச்சலை வாங்கிக்கொள்ளும். முறுக்கு ஒழுங்காக உள்ள செம்புக் கேபிள் ஓரளவு தாங்கும். மேலே சொன்ன குறை ஏதாவது இருந்தால் தாங்காது. இரண்டையும் பிரித்து வேறு டக்ட்டில் கொண்டுபோக வேண்டும். குறுக்கே கடந்துதான் ஆகவேண்டும் என்றால் நேர்க்கோணத்தில் கடக்கட்டும்.

இவ்வளவையும் சுவரைக் கிளறாமல் உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. ஒருநாள் மட்டும் புதுச் செம்புக் கேபிள் ஒன்றை, பவர் லைன் பக்கம் போகாமல், தரையோரமாக 3-ம் போர்ட்டிலிருந்து பில்லிங் கம்ப்யூட்டர் வரை தற்காலிகமாக இழுத்துவிடுங்கள், ஆள் தடுக்காதபடி டேப் ஒட்டி. மெஷின் ஓடும் ஒரு முழு ஷிப்ட் பாருங்கள். விழவில்லை என்றால் முடிந்தது, சுவிட்சின் 3-ம் போர்ட் நல்ல போர்ட். அப்போதும் விழுந்தால், அதே கேபிளை 4-ம் போர்ட்டுக்கு மாற்றுங்கள். விழுவது கேபிளோடு போகிறதா, போர்ட்டோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கேபிளையும் போர்ட்டையும் ஒன்றாக மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

காசு செலவில்லாத ஒரு சோதனையும் உண்டு. பில்லிங் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு அமைப்பில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வசதிகள் இருக்கும், சுவிட்சிலும் ‘கிரீன் ஈதர்நெட்’ என்ற பெயரில் இருக்கும். சில பழைய கார்டுகளுக்கும் இதற்கும் ஒத்துவராது. இரண்டு பக்கமும் அணைத்துவிட்டு ஒருநாள் பாருங்கள்.

நண்பர் சொன்ன ‘100 ஃபுல்’ யோசனைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலமோ பழுப்போ பழுதாகியிருந்தால் 100-ல் ஓடிவிடும். ஆனால் சுவிட்சில் மட்டும் 100 ஃபுல் என்று பூட்டிவிட்டு கம்ப்யூட்டரை ஆட்டோவில் (இரண்டு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்யும் முறை) விட்டால், கம்ப்யூட்டருக்கு எதிர்முனை எந்த முறையில் ஓடுகிறது என்று தெரியாது. வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸில் உட்கார்ந்துவிடும். ஒரு பக்கம் பேசிக்கொண்டே கேட்கும், மறுபக்கம் பேசும்போது கேட்காது. பிங் (சின்னச் சோதனைச் செய்தி) போகும், பில் சேவ் ஆகாது. நான் முன்னால் சொன்ன லேட் கொலிஷன் ஹாஃப் டூப்ளெக்ஸில் உள்ள பக்கத்தில் ஏறும். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு சுவிட்சை ஆட்டோவில் விட்டிருந்தால் அதை சுவிட்சிலேயே பார்க்கலாம். விளக்கு நிலையாக எரிவதைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், வேலை மட்டும் ஊர்ந்து நகரும். எனவே இரண்டு பக்கமும் ஆட்டோவிலேயே இருக்கட்டும். கேபிள் மாற்றும் வரை சமாளித்தாக வேண்டும் என்றால், சுவிட்சில் ஆட்டோவை விடாமலேயே 100-ஐ மட்டும் அறிவிக்கும்படி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். பல சுவிட்சுகளில் முடியும்.

லிங்க் வந்தபிறகு அரை நிமிடம் காத்திருப்பது தனிக் கோளாறு இல்லை. புதிதாக எழுந்த போர்ட்டில் எங்காவது வளையம் உருவாகிறதா என்று, சுவிட்சில் உள்ள ஸ்பானிங் ட்ரீ என்ற பாதுகாப்பு ஏற்பாடு 15 விநாடி கவனித்து, இன்னும் 15 விநாடி கற்றுக்கொண்டு, அதற்குப் பிறகே வழி திறக்கும். கம்ப்யூட்டர் மட்டும் இருக்கும் போர்ட்டுகளில் எட்ஜ் போர்ட் என்ற வசதியை இயக்கினால் உடனே திறக்கும். வேறு சுவிட்ச் மாட்டியிருக்கும் போர்ட்டில் அதைச் செய்துவிடாதீர்கள். ஸ்பானிங் ட்ரீயையே அணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒருவர் தெரியாமல் ஒரே கேபிளின் இரண்டு முனையையும் சுவிட்சில் செருகினால் கம்பெனி முழுக்க நின்றுவிடும்.

இருட்டினால் விழும் கேமராக்கள்

மூன்றில் இதுதான் எளிது, ஆனால் எல்லோரும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். பகலில் நன்றாக வேலை செய்து இரவில் விழும் கேமராவைப் பார்த்தால் கேமரா கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும்.

இருட்டியதும் கேமராவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், மின்சாரம் கூடுதலாக வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரப்படி உங்கள் கேமரா பகலில் சுமார் 5 வாட், இரவில் சுமார் 9 வாட். பதினைந்து கேமராவுக்குப் பகலில் 75 வாட், இரவில் 135 வாட். சுவிட்சின் லேபிளில் பிஓஇ மொத்தம் 120 வாட் என்று போட்டிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 120-க்குள் பதின்மூன்று கேமரா அடங்கும். முன்னுரிமை எதுவும் வைக்காதபோது பல சுவிட்சுகள் சின்ன எண் போர்ட்டுக்கு முதலில் கொடுத்துவிட்டுக் கடைசி எண்ணைக் கைவிடும். அதனால்தான் 23-ம் 24-ம். ஒரு கேமரா விழுந்ததும் கொஞ்சம் வாட் மிச்சமாகிறது, சுவிட்ச் மறுபடி கரண்ட் விடுகிறது, கேமரா எழுந்து விளக்கை எரியவிடுகிறது, மறுபடி தாண்டுகிறது. விடியும் வரை இந்தச் சுற்று ஓயாது.

ஒவ்வொரு போர்ட்டும் 30 வாட் தரும் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து, 24 போர்ட்டுக்கும் அது கிடைக்கும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். அது ஒரு போர்ட்டின் உச்ச வரம்பு. மொத்தப் பை வேறு. டீலர்கள் இதை வாயைத் திறந்து சொல்வதில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு சுவிட்சின் பிஓஇ பக்கத்தைத் திறந்து மொத்தச் செலவைப் பாருங்கள். 120-ஐ ஒட்டி நின்றால் உறுதி. தீர்வுக்குப் புது 24 போர்ட் சுவிட்ச் எதற்கு? 23, 24-க்கு மட்டும் தனித்தனியாக இரண்டு பிஓஇ இன்ஜெக்டர் (கேபிளில் மின்சாரம் சேர்க்கும் சின்னப் பெட்டி) வாங்கி நடுவில் மாட்டிவிட்டு, அந்த இரண்டு போர்ட்டிலும் பிஓஇ-யை அணைத்துவிடுங்கள். இன்னும் கேமரா போடும் எண்ணம் முதலாளிக்கு இருந்தால், கேமராக்களுக்கென்று தனி பிஓஇ சுவிட்ச் ஒன்றை, மொத்த வாட்டைக் கணக்குப் போட்டு வாங்கலாம். கேட் பக்கம் உள்ள கேமரா 24-ல் இருந்தால், இன்றைக்கே அதற்கு முன்னுரிமை ‘ஹை’ என்று வைத்துவிடுங்கள். விழுவது தேவை குறைந்த கேமராவாக இருக்கட்டும்.

மழைக்குப் பிறகு கெட்ட போர்ட்டுகள்

இங்கே சுவிட்சுக்கு அடி பட்டிருக்கலாம். இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த், நடுவே திறந்த வெளியில் நான்கு செம்புக் கேபிள். மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலே இரண்டு எர்த்துக்கும் இடையே சட்டென்று வோல்டேஜ் வித்தியாசம் எழும், அது இந்தக் கேபிள்களில் ஓடி போர்ட்டைத் தாக்கும். சுவிட்சுக்குள்ளே நான்கு அல்லது எட்டுப் போர்ட்டுகளுக்கு ஒரு சிப் என்று இருப்பது வழக்கம். ஒன்றையொட்டிய போர்ட்டுகள் ஒரே நாளில் தகராறு செய்தால் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

ஷெட்டுக்குப் போகும் நான்கு கேபிள்களையும் கழற்றிவிட்டு, நல்லது என்று தெரிந்த ஒரு சின்னப் பேட்ச் கார்டில் லேப்டாப்பை 5, 6, 7, 8 என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒன்றிலும் பிசகு இல்லையென்றால் சுவிட்ச் தப்பித்தது, ஷெட் பக்கம் பார்க்க வேண்டும். லேப்டாப்பிலும் விட்டு விட்டு வந்தால் அந்தப் போர்ட்டுகளை மென்பொருளில் மூடி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

8-ம் போர்ட் இப்போது நன்றாக இருப்பதை நம்பாதீர்கள். மின்னல் வாங்கிய போர்ட் சில மாதம் கழித்தும் போகலாம். மீதிப் போர்ட்டுகளை அதுவரை பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் இந்த சுவிட்ச் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

எது எப்படியானாலும், அந்த வெளிக் கேபிள்கள் நான்கும் போக வேண்டும். சுவிட்சின் வலது ஓரத்தில் காலியாக இரண்டு சதுரக் குழிகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவை எஸ்எஃப்பி குழிகள். ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) மாட்டும் எஸ்எஃப்பி என்ற சின்ன மாட்யூலை அதில் செருக வேண்டும். ஒரு சிங்கிள் மோட் ஃபைபர் இழுத்து, ஷெட்டில் எஸ்எஃப்பி குழி உள்ள சின்ன சுவிட்ச் ஒன்றை வைத்தால் நான்கு செம்புக் கேபிளும் தேவையில்லை. கண்ணாடி இழையில் மின்னல் வராது. ஆனால் ஒரு எச்சரிக்கை: வெளியில் போட ‘ஆர்மர்டு’ கேபிள் என்று இரும்புக் கவசம் போட்டதைக் கொடுப்பார்கள். அந்த இரும்பு இரண்டு கட்டடத்தையும் மறுபடி இணைத்துவிடும். குழாய்க்குள் உலோகமில்லாத கேபிளைப் போடுங்கள், அல்லது கவசத்தை எர்த் செய்யும் பொறுப்பை எலக்ட்ரீஷியனிடம் எழுத்தில் கொடுங்கள். ஒற்றை இழையில் இரண்டு திசையும் ஓடும் வகை எஸ்எஃப்பி என்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. ஒன்று 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்பி 1550-ல் வாங்கினால், மற்றது தலைகீழாக இருக்க வேண்டும். ஒரே எண் உள்ள இரண்டை வாங்கிவந்து விளக்கு எரியவில்லை என்று நிற்பவர்கள் உண்டு. இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள்.

பஞ்சுத் தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டிங் செக்‌ஷன் பக்கம் உள்ள ரேக் என்கிறீர்கள். சுவிட்சின் ஃபேனும் காற்றுத் துளையும் அடைந்திருக்கும், காலிப் போர்ட்டுக்குள்ளும் பஞ்சு போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்டை அணைத்துவிட்டு புளோயரால் ஊதி, காலிப் போர்ட்டுகளுக்கு மூடி போட்டுவிடுங்கள். உங்கள் மூன்று கோளாறுக்கும் இது காரணமில்லை, நான்காவது வராமல் இருக்கத்தான்.

வாரன்டி, பணம், உங்கள் மேல் விழும் பழி

வாரன்டி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. ஆனால் மின்னல், மின்னழுத்த ஏற்றத்தால் வந்த சேதத்தைப் பெரும்பாலான வாரன்டிகள் ஏற்பதில்லை. கார்டைப் படித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புங்கள். ‘தானாகக் கெட்டது’ என்று எழுத வேண்டாம், சர்வீஸ் சென்டரில் திறந்ததும் தெரிந்துவிடும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபார நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்குப் பொதுவாகப் பொருந்தாது. பிழைப்புக்காகத் தானே தொழில் செய்பவர்களுக்குத்தான் விலக்கு, உங்கள் கம்பெனி அதில் வருவது கடினம். எலக்ட்ரானிக் கருவிகளுக்கென்று தனி இன்ஷூரன்ஸ் இருந்தால் ஏஜென்டிடம் கேளுங்கள். வெறும் தீ விபத்து பாலிசியை நம்பிப் போகாதீர்கள், மின்கருவிகளுக்குள் வரும் மின்சேதத்தை அவை பொதுவாக ஒதுக்கிவிடுகின்றன.

சம்பளப் பிடித்தம் பற்றி: நான் வக்கீல் இல்லை. ஆனால் 1936-ம் ஆண்டின் பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும், 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் நிபந்தனை ஒன்றுதான். உங்கள் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்ட பொருளாக இருக்க வேண்டும், சேதம் நேரடியாக உங்கள் அலட்சியத்தால் வந்திருக்க வேண்டும், விளக்கம் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். மின்னலும், 120 வாட் கணக்கும், கம்ப்ரசர் லைனோடு கட்டிய கேபிளும் உங்கள் அலட்சியம் ஆகாது. சட்டத்தை முதலிலேயே எடுத்து நீட்டுவதை விட, முதலாளி முன்னால் ஒரு தாளை வைப்பதுதான் வேலைக்கு ஆகும் என்று நினைக்கிறேன். போர்ட் எண், விழுந்த நேரம், எதிர்முனையில் என்ன இருக்கிறது, அன்றைக்கு என்ன மாற்றினோம், மாற்றிய பின் என்ன ஆயிற்று என்று ஐந்து நெடுவரிசை போட்டு எழுதுங்கள். டீலர் கொட்டேஷனை அதன் பக்கத்திலேயே வைத்து, இரண்டு இன்ஜெக்டர், ஒரு கேபிள், ஒரு ஃபைபர் ஆகியவற்றின் விலையையும் எழுதிவிடுங்கள். பனியன் கம்பெனி முதலாளிக்கு அந்தக் கணக்கைப் புரியவைக்க வேறு யாரும் வர வேண்டியதில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும்: இன்றைக்குக் கேமராக்களின் முன்னுரிமையும் சுவிட்ச் நேரமும். நாளை முழுக்க எண்ணிக்கை பார்ப்பது. அதற்கடுத்த நாள் தரையோரக் கேபிள் சோதனை. ஞாயிறன்று மெஷின் நிற்கும்போது ஷெட் போர்ட்டுகளும் பஞ்சும். ஃபைபர் வேலையை மட்டும் அடுத்த மழைக்கு முன் முடித்துவிடுங்கள். பில்லிங் கம்ப்யூட்டருக்குப் புதுக் கேபிள் போடும்போது, பில்லில் ‘முழுச் செம்பு, கேட் 6’ என்று எழுதி வாங்குங்கள், பெட்டியில் ஒரு முனையைக் கடைக்காரர் முன்னாலேயே சுரண்டிப் பாருங்கள். பழைய கேபிளை உருவ வேண்டாம், பவர் லைனோடு சேர்ந்து வந்துவிடும். இரண்டு முனையிலும் ஜாக்கை வெட்டிவிட்டு, பயனில் இல்லை என்று டேக் கட்டிவிட்டால் போதும்.